சர்க்கரை ஏறிய நாளிலும்

(மருத்துவமனையின் ஜெபப் பங்காளர்கள் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



 வழக்கமாக இந்தக் கூடுகையில் மருத்துவ அதிகாரி வருடத்தின் கணக்கைச் சொல்லுவார்கள். அதன்பின் நாங்கள் ஒரு வேதபகுதியை எடுத்துச் சுருக்கமாகப் பேசி, ஜெபித்து, உங்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவைப்போம். இந்த முறை சாப்பாட்டைப் பற்றியே பேசுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறோம். பின்கட்டிலிருந்து குழம்பின் வாசனை வந்துகொண்டிருக்கிற வேளையில் இது நியாயமா என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை சர்க்கரை வியாதிக்காரரின் நாள். காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வராந்தா பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு சிறு ஜெபம், பிறகு இரத்தம் எடுப்பார்கள். கையோடு கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தை வேப்பமரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கையை நீட்டுவார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரந்தான் எங்களுக்குக் கிடைக்கும் ஊழிய நேரம். வார்டில் படுக்கையில் இருக்கிறவர்களிடம் பேசுவதைவிட மரத்தடியில் பேசுவது எளிது.

அப்படிப் பழக்கமானவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தம்முடைய சபையில் பல வருடங்கள் கமிட்டி அங்கத்தினராக இருந்தவர். மாதாமாதம் அவருடைய சீட்டில் நல்ல எண்தான் இருக்கும். வெறும் வயிற்றில் 108, 115, 112. மற்றவர்கள் 200, 240 என்று முகம் வாடி நிற்கையில், நாங்கள் அவரைக் காட்டி, "வாத்தியாரைப் பாருங்கள், இச்சையடக்கம் என்றால் அதுதான்" என்று வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவோம். ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருக்கிறோம்.

ஒரு நாள் அவர் காலில் கட்டோடு வந்தார். செருப்பிலிருந்து ஒரு ஆணி மேலே ஏறியிருந்திருக்கிறது. அதோடு ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. இரவில் மனைவி காலுறையைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் அம்மா அன்றைய சர்க்கரையோடு நில்லாமல் எச்.பி.ஏ.1சி. என்னும் பரிசோதனையையும் செய்யச் சொன்னார்கள். இது இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு 7 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். வாத்தியாருக்கு 10.6 இருந்தது.

காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் மாலை வார்டில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். "செவ்வாய்க்கிழமைக்கு மூணு நாள் முன்னால இருந்தே ராத்திரி சாப்பிடமாட்டேன் ஐயா. பாகற்காய்ச் சாறு, மோர், அவ்வளவுதான். நீங்க எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லிட்டீங்க. பெறவு கூடின நம்பரோட எப்படி வந்து நிக்கிறது?"

பங்காளர்களே, வாத்தியாருடைய விரல்கள் போனதற்கு ஆணியும் காரணம், நரம்பு மரத்துப்போனதும் காரணம். ஆனாலும் அன்றிரவு எங்களால் தூங்க முடியவில்லை. நாங்கள் புகழ்ந்ததே அவருக்குப் பூட்டாய் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். உங்களில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1914-ஆம் வருடம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பணிசெய்தவர். குஷ்டரோகத்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அப்படியல்ல, உணர்ச்சி போய்விடுகிறபடியால் சுட்டாலும் குத்தினாலும் தெரியாமல், காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் அழிகின்றன என்று அவர் விளங்கவைத்தார். 1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின், அதே பாடத்தைச் சர்க்கரை வியாதிக்காரருடைய பாதங்களைக் காப்பதற்கும் எடுத்துச் சென்றார். 2003-இல் தேவனுடைய இளைப்பாறுதலில் பிரவேசித்தார். வலி என்பது தேவன் தந்த ஈவு என்பது அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த செய்தி. உங்கள் காணிக்கையில் வருடந்தோறும் நாங்கள் வாங்கிக் கொடுக்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் இருக்கின்றனவே, குஷ்டரோகிகளின் பாதத்துக்கென்று பழக்கத்துக்கு வந்த அவைதான் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தையும் காக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை 250 இருந்தாலும் பெரும்பாலோருக்கு வலி இல்லை. கொஞ்சம் தாகம், கொஞ்சம் அசதி, அதையும் வெயில் என்று சொல்லிவிடலாம். ஆகையால் வலி செய்யவேண்டிய வேலையைக் கருவியில் தெரிகிற அந்த எண்தான் செய்கிறது. பல்வலி வந்தால் யாரும் பல்லைத் திட்டுவதில்லை, வைத்தியரிடம் போகிறோம். ஆனால் எண் கூடினால் மட்டும் அதைத் தீர்ப்பைப்போல எடுத்துக்கொள்கிறோம். வாத்தியார் மூன்று நாள் பட்டினி கிடந்து அந்த வலியை மரத்துப்போகச் செய்துவிட்டார். அவர் மட்டும் அல்ல. அன்றைக்குப் பிறகு மரத்தடியில் நாங்கள் மெதுவாக விசாரித்தபோது, பரிசோதனைக்கு முன்பு இப்படிச் செய்கிறவர்கள் ஏராளம் என்று கண்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நம் தேசத்தில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது மதிப்பிட்டது. வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்கள் வரிசையையும் முன்வரிசையையும் எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரை ஏறிவிட்ட நாளுக்கு மறுநாள் என்ன செய்வது என்பதுதான் மரத்தடியில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. கல்யாண வீடு, சிராத்த விருந்து, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம், இவற்றில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபின் கை நிற்கவில்லை. இரவில் பார்த்தால் 290. மறுநாள் அநேகர் செய்வது இரண்டு காரியம். ஒன்று பட்டினி, மற்றொன்று மாத்திரையை இரட்டிப்பாக்குவது. இரண்டும் ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது சோறு இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாய் இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருளும். அப்போது வருகிற பசி சாதாரணப் பசியல்ல. கண்ணில் பட்டதையெல்லாம் தின்னச் சொல்லும். தின்றபின் எண் மறுபடி 300-க்குப் போகும். ஒருநாள் விருந்து ஒருவார ஊஞ்சலாகிவிடும்.

பட்டினியே இந்த வியாதிக்கு வைத்தியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் 1921-இல் இன்சுலினைக் கண்டுபிடிக்கிறதற்கு முன்னே, அமெரிக்காவில் டாக்டர் ஆலன் என்பவர் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே சில காலம் உயிரோடு வைத்திருந்தார். அந்நாட்டு மந்திரி ஒருவருடைய மகள் எலிசபெத் ஹியூஸ் 1922 ஆகஸ்டில் பாண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது, பதினான்கு வயதில் எடை சுமார் 20 கிலோதான். இன்சுலினால் பிழைத்த அந்தப் பெண் 1981 வரை வாழ்ந்தார். வேறு வழியில்லாத காலத்து வைத்தியத்தை, வழி திறந்து நூறு வருடம் ஆனபின்பு நாமே நமக்குத் தண்டனையாகக் கொடுத்துக்கொள்வானேன்?

ஆகவே எங்கள் உணவு ஆலோசகர் சகோதரி சொல்லுகிற பதில் மிகவும் சாதாரணமானது. கேட்கிறவர்களுக்குச் சில சமயம் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். மாத்திரையை எழுதிக் கொடுத்தபடியே போடுங்கள். சோற்றைக் கையால் அள்ளிப் போடாமல் ஒரு கப்பால் அளந்து போடுங்கள். ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டாவது கப்புக்குக் கை நீளும்போது கொஞ்சம் யோசனை வரும். காயைச் சோற்றோடு பிசைந்து கடைசியில் ஒதுக்காமல், பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டு, மீனோ முட்டையோ பயறோ எடுத்து, சோற்றைப் பிறகு தொடுங்கள். அதே சோறுதான், ஆனால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டபின் படுக்காமல் கால்மணி நேரம் நடங்கள். பிறகு, என்ன சாப்பிட்டோம், எண் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாவ அறிக்கை எழுதச் சொல்லவில்லை, பால்கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் போதும்.

இதைச் சொல்லும்போது நம்முடைய பக்கத்து நம்பிக்கைகள் சில குறுக்கே வரும். கருப்பட்டி சீனியல்ல, ஆகவே சர்க்கரை ஏறாது என்பது முதலாவது. பனையை நேசிக்கிற ஊரில் பிறந்தவர்கள்தான் நாங்களும், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. பதநீரும் அப்படியே. கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் அதை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு செம்பு குடித்தால் வேகமாக ஏறும். சப்பாத்திக்கும் கணக்கு உண்டு. ஆறு சப்பாத்தி தின்றுவிட்டு, சோறே தொடவில்லை என்று சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாகற்காய்ச் சாற்றைப் பற்றி என்ன சொல்ல? 1517-இல் மார்ட்டின் லுத்தர் எதிர்த்து நின்ற பாவமன்னிப்புச் சீட்டைப்போலத்தான் அநேகர் அதைப் பயன்படுத்துகிறார்கள். மதியம் மூன்று லட்டு, மாலையில் ஒரு டம்ளர் கசப்பு. பாகற்காயைப் பொரியலாக்கிச் சாப்பிடுங்கள், காய் நல்லது.

எண் ஏறினதெல்லாம் வாயின் குற்றமும் அல்ல. பல்லின் அடியில் சீழ், சிறுநீரில் கிருமி, காய்ச்சல், மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, தூக்கமில்லாத இரவுகள், எல்லாமே ஏற்றும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் அபாயமும் அதிகம். "என்னமோ தின்னுட்டுதான் மறைக்கிறா" என்று மருமகள்மார் குற்றஞ்சாட்டி அழைத்துவந்த ஒரு பாட்டியம்மாவுக்கு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் காசநோய். அந்தப் பாட்டி ஒன்றும் தின்னவில்லை. சர்க்கரை 300-க்கு மேல் நின்று, வாந்தியும் வேகமான மூச்சும் மயக்கமும் சேர்ந்தால் மரத்தடிப் பேச்சுக்கு இடமில்லை. உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். சாப்பிடவில்லையே என்று மருத்துவரைக் கேளாமல் இன்சுலினையும் நிறுத்தக்கூடாது.

இனி சொல்லப்போவது எங்களைக் குறித்தது.

சில வருடங்களுக்கு முன்பு மருத்துவமனையின் தேவைகளுக்காக ஒரு வெள்ளிக்கிழமையை உபவாச ஜெபநாளாக அறிவித்தோம். அறிவித்தவர்கள் நாங்களே. காலை ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை சிற்றாலயத்தில் ஜெபம். சுற்றுவட்டாரச் சபைகளிலிருந்து ஸ்திரீகள் ஐக்கிய சங்கத்தார் திரளாக வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். காலை மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். போட்டது கிளைபென்கிளமைடு மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும்.

பன்னிரண்டரை மணிக்கு அந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது. வார்த்தை குழறியது. பிறகு சரிந்து உட்கார்ந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் ஜெபத்தில் பாரம் மிகுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் சத்தமாய் ஜெபித்தார்கள். நாங்களும் கண்களை மூடியிருந்தோம். நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளைதான் எழுந்து ஓடிவந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, "சர்க்கரை இறங்கிட்டு" என்று கத்தினாள். நாற்காலியிலேயே தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். எண் 34. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஜெபம் முடிஞ்சுட்டா ஐயா?" என்று கேட்டார்கள்.

மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்தபடியால் பிழைத்தார்கள். மலையடிவாரத்து ஊர்ச் சபையில் நடந்திருந்தால்? அந்த அம்மாள் அதன்பிறகு பயந்துபோய், எந்நேரமும் பையில் மிட்டாயும் பிஸ்கட்டும் வைத்துத் தின்றுகொண்டேயிருந்தார்கள். அடுத்த மாதம் எண் 380. அதைக் கண்டு வெட்கப்பட்டு மறுபடி பட்டினி. அதை நிலைக்குக் கொண்டுவர ஆறு மாதம் பிடித்தது. மருத்துவர் அம்மா மாத்திரையையும் மாற்றிக்கொடுத்தார்கள்.

எலியாவின் சரித்திரத்தை நாங்கள் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறோம். கர்மேல் மலையில் ஜெயித்தவன், மறுபடி பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு படுத்துவிட்டான். நாங்கள் வழக்கமாக ஓரேபில் கேட்ட மெல்லிய சத்தத்துக்கு விரைந்துவிடுவோம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் சூரைச்செடியண்டையில் நின்று பார்த்தோம். அங்கே வந்த தூதன் ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை. அடையையும் தண்ணீரையும் வைத்துச் சாப்பிடச் சொன்னான். தூங்கவிட்டான். இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். கேள்வியெல்லாம் பிறகுதான், நாற்பது நாள் நடந்தபின்.

இப்போது உபவாச நாளை அறிவிக்கும்போது கூடவே ஒரு அறிவிப்பும் செய்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்கவேண்டாம், வழக்கமாய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நண்பகலில் உங்களுக்கென்று இட்லியும் சுண்டலும் இருக்கும், எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள் என்று. முதல் தடவை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆகவே ஜெபம் நடத்தின நாங்களே எழுந்து போய் முதல் தட்டை எடுத்தோம். பின்னாலேயே பதினோரு பேர் வந்தார்கள். ஆலயத்தின் பின்பெஞ்சில் குளுக்கோஸ் பொட்டலமும் டம்ளரும் வைத்திருக்கிறோம். எண் 70-க்குக் கீழே போனால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கிறவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. இதை உங்கள் சபைச் செக்ஸ்டனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் சபைப் பந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேக்கை விற்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாயசம் வேண்டாம் என்று கையை மறைக்கிறவரைப் பார்த்து, "கர்த்தருடைய பந்தி, ஒண்ணும் செய்யாது" என்று ஊற்றாதிருங்கள். அதைவிட முக்கியமாக, பாயசத்தை வாங்கிச் சாப்பிடுகிறவரைப் பார்த்து, "உங்களுக்கு சுகர் இல்லையா?" என்று பந்தியில் கேளாதிருங்கள். அந்தக் கேள்வியால் ஒருவருக்கும் சர்க்கரை இறங்கியதாக நாங்கள் கண்டதில்லை. மறுநாள் நோட்டில் எழுதாமல் விடுவதற்குத்தான் அது உதவும். வீடு சந்திக்கப் போகிற போதகர்மாருக்கும், வீட்டுக்கு வீடு சீனி போட்ட டீயும் முறுக்கும் வைக்கிறவர்களுக்கும் இதே விண்ணப்பம்.

இவ்வருடக் காணிக்கையில் ஒரு பங்கைச் சர்க்கரை பார்க்கும் கருவிகளுக்கும் அதற்கான ஸ்ட்ரிப்புகளுக்கும் ஒதுக்கக் கேட்கிறோம். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், ஸ்ட்ரிப்புதான் ஒவ்வொரு தடவையும் செலவாகிறது. கூலிவேலை செய்கிறவர் அதை மிச்சம்பிடிக்கப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்.

தலைமையாசிரியர் இன்று இங்கே வந்திருக்கிறார். அவர் உத்தரவோடுதான் இதையெல்லாம் சொன்னோம். எம்.சி.ஆர். செருப்போடு, கம்பை ஊன்றி, செவ்வாய்க்கிழமைதோறும் மரத்தடிக்கு வந்து தம்முடைய நோட்டை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். போன கிறிஸ்துமஸ் பக்கத்தில் "முந்திரிக்கொத்து 4, இரவு 286" என்று எழுதியிருக்கிறார். அதற்கடுத்த வரி, "காலை 2 இட்லி, சாம்பார், நடை 20 நிமிடம். மதியம் ஒரு கப் சோறு, அவரைக்காய், மீன். மாலை 174." அந்த 286-ஐ அவர் சத்தமாக வாசித்தபோது, பின்பெஞ்சில் இருந்த பனையேறும் சகோதரர் ஒருவர், "எனக்கு 310 சார்" என்று கையைத் தூக்கினார். அவருக்கு அன்று நோட்டு ஒன்று கொடுத்தோம்.

 இன்று பந்தியில் அவியலும் கீரையும் கடலைக்கறியும் முதலில் வரும். சோறு வரப் பத்து நிமிடம் ஆகும். பரிமாறுகிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். எழுந்து நின்று ஜெபிப்போம்.